ஆண் கினி பிக்குக்குக் கருத்தடை செய்து பெண்ணோடு சேர்த்து வளர்க்கலாமா?

கறிவேப்பிலை (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு கினி பிக் (கினிப்பன்றி) வாங்கினோம். இரண்டும் பெண்தான் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். லட்டு, ஜாங்கிரி என்று மகள் பேர் வைத்தாள். முந்தாநாள் ராத்திரி ஜாங்கிரி மூன்று குட்டி போட்டுவிட்டாள். லட்டு ஆண்!

கடைக்காரருக்கு போன் போட்டால், "பெருசானதும் குட்டிகளை என்கிட்டயே கொடுத்துடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்கிறார். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஆணா பெண்ணா என்று பார்க்காமல் அதே குட்டிகளை இன்னொரு வீட்டுக்கு விற்பார், அங்கேயும் இதே நிலைமைதான் வரும்.

இன்று காலையில்தான் லட்டுவைத் தனிக் கூண்டில் போட்டேன். அவன் ஒரு பக்கம் கத்துகிறான், அவள் ஒரு பக்கம் கத்துகிறாள். நாய்க்குச் செய்வதுபோல இவனுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்து, திரும்ப ஒன்றாக விட முடியுமா? பக்கத்து கிளினிக்கில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் யாரும்மா ஆபரேஷன் பண்றா, புதுசா வேற வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி (சென்னை)

அக்கா, ஆபரேஷன் பற்றிப் பிறகு பேசலாம். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. குட்டி போட்ட ராத்திரி லட்டு அதே கூண்டில்தான் இருந்தானா?

கினி பிக் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைக்கு வரும். பெரும்பாலும் இரண்டு மணியிலிருந்து பதினைந்து மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் ஆண் பக்கத்தில் இருந்தால் மறுபடி சினை பிடிப்பதற்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஒரு வயிற்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இன்னொன்றைச் சுமப்பாள். ஆணும் பெண்ணும் பிரியாமலே இருந்தால் ஒரு பெண் வருஷத்துக்கு நான்கு ஐந்து ஈற்று போடுவது இப்படித்தான். உடம்பு உருக்குலைந்து போகும்.

இன்னொன்று, குட்டிகளின் வயதைக் குறித்து வையுங்கள். மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் தங்கையிடமிருந்தும் எடுத்துவிட வேண்டும். "இத்துனூண்டு குட்டி என்ன செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். நான்கு வாரத்திலேயே பெண் குட்டிக்குச் சினை பிடித்த வீடுகள் உண்டு.

கறிவேப்பிலை (திருச்சி)

ஐயோ. ஆமாம் தம்பி, அன்று ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் அதே கூண்டில்தான் இருந்தான். யாரும் இதைச் சொல்லவில்லையே. இப்போது என்ன செய்வது? குட்டியில் எது ஆண் எது பெண் என்று எப்படிப் பார்ப்பது?

வேப்பமரத்தடி (சென்னை)

பயப்படாதீர்கள். சினை என்றே எடுத்துக்கொண்டு கவனியுங்கள். சினைக்காலம் 59 நாளிலிருந்து 72 நாள் வரை. காலண்டரில் இரண்டு தேதியையும் வட்டம் போட்டு வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் இரண்டு முறை ஜாங்கிரியை நிறுத்து எழுதுங்கள். எடை ஏறிக்கொண்டே போனால் தெரிந்துவிடும்.

நம்மைப் போலவே இவற்றின் உடம்பிலும் வைட்டமின் சி உற்பத்தி ஆகாது. வெளியிலிருந்துதான் வரவேண்டும். சினையாக இருக்கும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். தினம் குடைமிளகாய் ஒரு துண்டு, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எப்போதாவது கொய்யா சின்னத் துண்டு. கொய்யாவில் சர்க்கரை இருப்பதால் அளவோடு. புல் மட்டும் எந்நேரமும் இருக்கவேண்டும். அருகம்புல் கிடைத்தால் மருந்து அடிக்காத இடத்தில் பிடுங்கிக் கழுவிப் போடுங்கள்.

ஆண் பெண் பார்க்க: குட்டியை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஆணாக இருந்தால் அரிசி முனை மாதிரி சின்னதாக வெளியே வரும். பெண்ணுக்கு எதுவும் வராது, இரண்டாகப் பிரியும் கவை போன்ற பிளவு தெரியும். விதைப்பை தெரிகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. குட்டிக்கு அது வெளியே தெரியாது, கடைக்காரர்கள் தப்பாகச் சொல்வதும் பெரும்பாலும் அதனால்தான்.

மழைக்காகம் (கோவை)

மேடம், என் கருத்து வேறு. இந்த உயிருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. ஆண் குட்டிகளை அப்பாவோடு விடுங்கள், பெண் குட்டிகளை அம்மாவோடு விடுங்கள். இரண்டு கூண்டு, இரண்டு குடும்பம். யாருக்கும் கத்தி படாது, யாரும் தனியாகவும் இருக்கமாட்டார்கள்.

நாய் பூனைக்கு ஆபரேஷன் என்றால் தெருவில் பெருகாமல் இருக்க வேறு வழி இல்லை. கினி பிக் கூண்டில் இருப்பது. ஒரு தடுப்பு போதும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆரோக்கியமாக இருந்த ஆண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அந்த வீட்டுப் பையன் இன்னும் அதைப் பற்றிப் பேசமாட்டான். நம் வசதிக்காக ஒரு உயிரை மேசையில் படுக்கவைப்பது சரியா என்று யோசியுங்கள்.

கால்நடைக்காரன்

கால்நடை மருத்துவராக இருக்கிறேன். முயல், கினி பிக் போன்ற சிறு பிராணிகளைத் தொடர்ந்து பார்ப்பவன். மழைக்காகம் சொல்லும் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன், அதற்கு எண்ணிக்கையோடு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளில் மயக்க மருந்து கொடுத்த பிராணிகளைக் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். மயக்கத்திலோ, அடுத்த இரண்டு நாளிலோ இறந்தவை நாயில் 0.17 சதவீதம், பூனையில் 0.24, முயலில் 1.39, கினி பிக்கில் 3.8. நோயோடு வந்த பிராணிகளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளம் ஆணுக்கு, இதைத் தொடர்ந்து செய்யும் மருத்துவரிடம், ஆபத்து இதைவிடக் குறைவு. ஆனாலும் நாய்க்குச் செய்வதைப் போன்ற சாதாரண காரியமில்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு ஆபத்து? கினி பிக்கின் வாயில் எப்போதும் மென்ற புல் ஒட்டிக்கொண்டிருக்கும். மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், அதனால் முதலில் வாயைக் கழுவிச் சுத்தம் செய்யவேண்டும். தொண்டையின் அமைப்பு ரொம்பக் குறுகல், குழாய் விடுவது சிரமம். உடம்பு சின்னது, சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இதையெல்லாம்விடப் பெரிய எதிரி குடல். சில மணி நேரம் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்றுபோக ஆரம்பிக்கும். வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும், குடல் நின்றால் வயிறு வலிக்கும், இன்னும் தின்னாது. மூன்றாம் நாள் சாவு என்று மழைக்காகம் சொன்னது பெரும்பாலும் இந்தச் சுழலாகத்தான் இருக்கும். கத்தி பட்ட புண்ணைக் காரணமாகச் சொல்லமாட்டேன்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கூச்சப்படவேண்டாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

"ஆபரேஷனுக்கு முன் ராத்திரி முழுக்கப் பட்டினி போட வேண்டுமா?" ஆம் என்றால் அங்கே செய்யாதீர்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, நாய்க்குப் போடும் பட்டினி இதற்குத் தேவையில்லை, கெடுதல்.

"எந்த மயக்க மருந்து?" ஐசோஃப்ளூரேன் வாயு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி மருந்து மட்டும் என்றால் நான் தயங்குவேன்.

"இடுப்பு வளையத்தை மூடுவீர்களா?" கினி பிக் ஆணுக்கு வயிற்றுக்கும் விதைப்பைக்கும் நடுவே உள்ள வழி வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். விதையை எடுத்துவிட்டு அதை அடைக்காமல் விட்டால் குடலோ கொழுப்போ அந்த வழியாக இறங்கிவிடும்.

"எந்த ஆன்டிபயாட்டிக்?" இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் இந்த உயிருக்குக் கொடுக்கக்கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, அவற்றின் நஞ்சு சில நாளில் கொன்றுவிடும். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம் சல்ஃபா போன்றவைதான் வழக்கம். நாய்க்கு எழுதும் கையால் பழக்கதோஷத்தில் அமாக்ஸிசிலின் எழுதிவிடுவது நடக்கிறது. சீட்டை வாங்கியதும் நீங்களே பாருங்கள்.

"வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாள்?" மெலாக்ஸிகாம் பெரும்பாலும் கொடுப்போம். "சின்னப் பிராணிதானே, வலி மருந்து வேண்டாம்" என்ற பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

சூரிச்_தங்கை

வணக்கம் அக்கா. நான் இஞ்ச சுவிஸில கனகாலமா இவயள வளர்க்கிறன். இஞ்ச 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கினிப்பன்றியைத் தனிய வைச்சிருக்கக் கூடாது, ஆகக் குறைஞ்சது ரெண்டு வேணும். அதனால இந்தக் கேள்வி இஞ்ச எல்லா வீட்டிலயும் வாறதுதான்.

இஞ்சத்தை ஆக்கள் கூடுதலா வைச்சிருக்கிறது விதை எடுத்த ஒரு ஆணும் ரெண்டு மூண்டு பெண்ணும். காட்டில இருக்கிற இவயின்ர சொந்தக்காரரும் அப்பிடித்தான் வாழுறவை, ஒரு ஆண், ஒண்டோ சில பெண்களோ. ஜெர்மனியில மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில நோர்பெர்ட் சாக்சர் எண்ட பேராசிரியர் இவயின்ர பழக்கத்தைக் கனவருஷம் ஆராய்ஞ்சவர். ஒரு ஆணைப் பழக்கமில்லாத இடத்தில தனிய விட்டா ரத்தத்தில மன அழுத்த ஹோர்மோன் கார்டிசால் எகிறுது. அவன்ர சோடி பக்கத்தில இருந்தா அந்த ஏற்றம் நல்லாக் குறையுது. ஆரோ ஒரு பெண் இருந்தாக் காணாது, அவன் ஒட்டின பெண்ணா இருக்கோணும். லட்டுவும் ஜாங்கிரியும் கத்துறது சும்மா சத்தம் இல்லை அக்கா.

மழைக்காகம் அண்ணா, உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா "ரெண்டு கூண்டு, ரெண்டு குடும்பம்" எண்டுறது சொல்லுற அளவுக்குச் சுகமில்லை. ஒரே வீட்டில பெண்ணின்ர மணம் பட்டா, நல்லா இருந்த அப்பாவும் மகனும் அடிபடுவினம். கடி எண்டா சும்மா கடி இல்லை, தையல் போடுற அளவுக்கு. ஆண்களை வேற அறையில, முடிஞ்சா வேற மாடியில வைக்கோணும். எல்லாற்ற வீட்டிலயும் அது ஏலுமே?

இஞ்ச இன்னொரு முறையும் இருக்கு. ஆண் குட்டி கிட்டத்தட்ட 250 கிராம் வரேக்கயே, பருவத்துக்கு வர முதலே விதையை எடுத்துப்போடுவினம். அப்ப, வளந்த ஆணுக்குச் செய்தாப் பிறகு பெண்ணோட விட ஆறு கிழமை காத்திருக்கிற மாதிரி, காத்திருக்கத் தேவையில்லை, தாயோடயே திருப்பி விடலாம்.

ஆட்டுக்கார_மாமா (தர்மபுரி)

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்ல கெடா குட்டிக்குக் காயடிக்கிற இடுக்கி இருக்கு, ஆஸ்பத்திரி ஆளுங்க வந்து போட்டுட்டுப் போவாங்க. ரத்தமே வராது, மயக்க ஊசியும் வேணாம். அதையே இதுக்கும் போட்டா செலவும் இல்ல, பயமும் இல்லயே? தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

கால்நடைக்காரன்

மாமா, கேட்டது நல்லது, கேட்காமல் யாராவது செய்துவிட்டால்தான் கஷ்டம். பர்டிசோ இடுக்கி ஆடு மாட்டுக்கு ஏற்றது, ஏனென்றால் அவற்றுக்கு விதைப்பை தொங்கும், விதைப்பையின் கழுத்து நீளம், விதைக்குப் போகும் குழாய்களைத் தனியாகப் பிடித்து நசுக்கலாம். கினி பிக்குக்கு விதைப்பை தொங்காது. நினைத்தால் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இடுக்கி போட்டால் கொழுப்பும் குடலும்தான் நசுங்கும். வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடக்கூடாது.

சூரிச் தங்கைக்கு: சிறு வயதில் செய்வது நல்ல முறைதான். ஆனால் 250 கிராம் உடம்பில் மயக்கம் கொடுக்கத் தேர்ந்த கையும் கருவியும் வேண்டும். நம்மூரில் எல்லா இடத்திலும் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். மூன்று நான்கு மாதம் தாண்டி, ஒரு வயதுக்குள், ஒல்லியாகவும் இல்லாமல் கொழுத்தும் இல்லாமல் இருக்கும் ஆண் என்றால் எனக்கு நிம்மதி.

மழைக்காகம் (கோவை)

டாக்டர் சொன்ன 3.8 சதவீதத்தைப் படித்த பிறகும் எல்லாரும் ஆபரேஷன் பக்கமே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூற்றில் நான்கு என்பது சின்ன எண் இல்லை. சுவிஸில் தெருவுக்கு ஒரு மருத்துவர் இதைச் செய்வார். திருச்சியில் ஒரு கிளினிக் "வேற வாங்கிக்கோங்க" என்று அனுப்பியிருக்கிறது. அந்தக் கையில் லட்டுவைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

வேப்பமரத்தடி (சென்னை)

இல்லை சகோ, அந்தக் கையில் கொடுக்கக்கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. தெரிந்த மருத்துவர் கிடைக்காவிட்டால் ஆபரேஷனே வேண்டாம், நீங்கள் சொன்ன இரண்டு கூண்டுதான்.

ஆனால் மறுபக்கத்திலும் ஆபத்துக் கணக்கு இருக்கிறது, அதை நாம் எண்ணுவதில்லை. பிரசவத்தில் எத்தனை பெண்கள் சாகின்றன? குட்டிகள் முழு ரோமத்தோடு, கண் திறந்து, பல்லோடு பிறப்பவை. அவ்வளவு பெரிய குட்டி வெளியே வர இடுப்பெலும்பு விரிந்து கொடுக்கவேண்டும். ஏழெட்டு மாதம் வரை ஒருமுறையும் குட்டி போடாத பெண்ணுக்கு அந்த இணைப்பு இறுகிவிடுவதால் முதல் பிரசவமே சிக்கலாகலாம். கடைசி வாரங்களில் தீனி குறைந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்து ரத்தம் நஞ்சாகும் நோயும் உண்டு, அது வந்தால் பிழைப்பது கடினம். "தடுப்பு போதும்" என்று வைத்து, ஒருநாள் வீட்டுக் குழந்தை தப்பான கூண்டில் விட்டால் போதும்.

எல்லாரும் விட்டுவிட்ட ஒரு விஷயம். அக்கா, முடிவு எடுக்குமுன் தலைகளை எண்ணுங்கள். லட்டுவுக்கு ஆபரேஷன் செய்து அம்மாவோடும் மகளோடும் விட்டால், மிச்சம் இருப்பது யார்? ஆண் குட்டி ஒன்றே ஒன்று என்றால் அவன் தனியாகிவிடுவான். அப்போது மழைக்காகம் சொன்ன வழிதான் சரி, அப்பாவும் மகனும் சேர்ந்து இருக்கட்டும், ஆபரேஷன் தேவையில்லை. ஆண் குட்டி இரண்டு என்றால் அவர்கள் ஒருவருக்கொருவர் துணை, லட்டு திரும்பிப் போகலாம். குட்டிகளில் எது என்ன என்று பார்த்தீர்களா?

கறிவேப்பிலை (திருச்சி)

பார்த்தேன். இரண்டு ஆண், ஒரு பெண். நீங்கள் சொன்ன மாதிரியே தெரிந்தது. மகளும் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

பக்கத்து ஊரில் முயலுக்கு ஆபரேஷன் செய்யும் மருத்துவர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்து போனோம். டாக்டர் கொடுத்த கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். பட்டினி வேண்டாம் என்று நான் கேட்கும் முன்பே அவரே சொல்லிவிட்டார். ஐசோஃப்ளூரேன் இருக்கிறது. இடுப்பு வளையத்தை மூடித்தான் தைப்பாராம். இதுவரை சில கினி பிக்குகளுக்குச் செய்திருக்கிறார், ஒன்றை இழந்திருக்கிறார், அதையும் மறைக்காமல் சொன்னார். லட்டு 870 கிராம், வயது ஆறு மாதம் இருக்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் மழைக்காகம் சார் பக்கம். நான் இன்னும் நடுவில் நிற்கிறேன்.

புல்லுக்கட்டு (சேலம்)

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் இரண்டு ஆண், பெண்ணே கிடையாது. இப்போது ஆறு மாதம் ஆனதும் பயங்கரச் சண்டை. இரண்டுக்கும் ஆபரேஷன் செய்தால் அடங்குமா?

கால்நடைக்காரன்

அடங்காது. நாய் பூனையில் பார்க்கும் மாற்றத்தை இங்கே எதிர்பார்க்கவேண்டாம். கினி பிக்கில் விதை எடுத்தால் குட்டி பிறக்காது, அவ்வளவுதான். குணம் அப்படியே இருக்கும். பெண்ணைச் சுற்றி இடுப்பை ஆட்டி உறுமுவான், மேலே ஏறுவான், எல்லாம் செய்வான். ஆண்களின் சண்டைக்கு இடம் பெரிதாக்குங்கள். எல்லாம் இரண்டிரண்டாக வையுங்கள்: தண்ணீர்ப் புட்டி, தீனிக் கிண்ணம், ஒளிந்துகொள்ள வீடு. அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்கவேண்டும், ஒருவன் மூலையில் மாட்டிக்கொள்ளாதபடி. ரத்தம் வந்தால் நடுவில் கம்பித் தடுப்பு, பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

சூரிச்_தங்கை

அக்கா, மருத்துவர் தான் இழந்ததையும் சொன்னவர் எண்டா எனக்கு அவரில நம்பிக்கை வருது. ஒளிக்கிற ஆளிட்டப் போறதைவிட அது மேல். அதோட, ஜாங்கிரி திருப்பிச் சினை எண்டா அந்தக் குட்டியளையும் எண்ணிப் பாருங்கோ. அதில ஒரு ஆண் வந்தா அவனுக்கும் ஒரு இடம் வேணும்.

கேள்வி ஒண்டு, டாக்டர் அண்ணா. ஆணை விட்டுட்டுப் பெண்ணுக்குச் செய்தா என்ன? இஞ்ச சிலர் கேட்கினம்.

கால்நடைக்காரன்

பெண்ணுக்குச் செய்யலாம், ஆனால் வயிற்றைத் திறக்கவேண்டும். சினைப்பைகள் முதுகுப் பக்கம் ஆழத்தில் இருக்கும், நடுவே பெருங்குடல் பை வயிற்றையே அடைத்துக்கொண்டு கிடக்கும். நேரம் அதிகம், வலி அதிகம். சேர்த்து வளர்ப்பதற்காக மட்டும் என்றால் ஆணுக்குச் செய்வதே எளிது.

ஆனால் வயதான பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது மிகமிகச் சாதாரணம். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டும், வயிறு பேரிக்காய் போல ஆகும், சாதுவானது திடீரென்று மற்றதன் மேல் ஏறி அதிகாரம் பண்ணும். இதைப் பார்த்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். அப்போது ஆபரேஷன் வேறு காரணத்துக்காகத் தேவைப்படலாம்.

கறிவேப்பிலை (திருச்சி)

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லட்டுவுக்கு ஆபரேஷன் முடிந்தது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். வீட்டுக்காரர், "அவர் ஒன்றை இழந்ததைச் சொன்னாரே, அவரிடமே போகலாம்" என்றார்.

காலையில் வாயில் புல்லோடுதான் கொண்டுபோனோம், சாயங்காலம் திரும்பி வந்தான். இரவு தள்ளாடினான். சீட்டில் என்ரோஃப்ளாக்சசின், மெலாக்ஸிகாம். விதைப்பை வீங்கியிருக்கிறது. குடைமிளகாயை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டான். என்ன செய்ய, யாராவது உடனே சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி (சென்னை)

அக்கா, இப்போதே செய்யுங்கள். அவன் தின்னும் பெல்லட் தீனியை (கடையில் விற்கும் குச்சித் தீனி) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால், பக்கவாட்டில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மெல்வதற்கு நேரம் கொடுக்கவேண்டும், நேராகத் தொண்டைக்குள் அடிக்கக்கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் எழுந்து. சிரிஞ்சைத் தள்ளிவிட்டுப் புல்லைத் தானாகக் கடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மரத்தூள் எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துணி விரியுங்கள், தூசி தையலில் ஒட்டும். நனைந்தால் உடனே மாற்றுங்கள். புழுக்கை வருகிறதா, அளவு சிறுத்துவிட்டதா என்று பாருங்கள். தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்கள்.

லேசான வீக்கம் இருக்கும். சிவந்து சூடாக, கெட்டியாக, சீழ் வாடையோடு இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். நாளை காலைக்குள் தானாக ஒன்றும் தின்னாவிட்டாலும் போகவேண்டும், "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். இந்த உயிர் 30 டிகிரிக்கு மேல் தாங்காது. திருச்சி வெயிலில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளாமல் மார்கழியில் செய்தது ரொம்ப நல்லது.

மழைக்காகம் (கோவை)

மேடம், ராத்திரி எழுந்து கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த வீட்டில் அதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன், காலையில் எடையைப் போடுங்கள்.

கறிவேப்பிலை (திருச்சி)

காலை 4 மணிக்குச் சிரிஞ்சைத் தட்டிவிட்டு அருகம்புல்லை இழுத்துத் தின்றான். எடை 835. நேற்றைவிட 20 கிராம்தான் குறைவு. புழுக்கை வருகிறது, கொஞ்சம் சின்னதாக. மழைக்காகம் சார், நீங்கள் விழித்திருந்தது எனக்குப் பெரிய தெம்பு.

கால்நடைக்காரன்

நன்றாகப் போகிறது. மெலாக்ஸிகாம் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

இனி முக்கியம்: இன்றிலிருந்து ஆறு வாரம் பெண்கள் பக்கம் விடக்கூடாது. விதை போனாலும் குழாய்களில் மிஞ்சியிருக்கும் விந்து கொஞ்ச காலத்துக்கு உயிரோடு இருக்கும். "ஆபரேஷன் செய்தும் குட்டி போட்டது" என்று வருபவர்கள் எல்லாரும் இந்த ஆறு வாரத்தைப் பொறுக்காதவர்கள். மகன்களோடும் போடவேண்டாம், தையலைக் கடித்துவிடுவார்கள். பெண்கள் கூண்டுக்குப் பக்கத்தில், இரட்டைக் கம்பித் தடுப்பு வைத்து விடுங்கள். முகம் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், அதற்குமேல் முடியாதபடி.

கறிவேப்பிலை (திருச்சி)

ஜாங்கிரி மறுபடி குட்டி போட்டுவிட்டாள், நீங்கள் வட்டம் போடச் சொன்ன இரண்டு தேதிக்கும் நடுவில். இந்தமுறை ஒன்றே ஒன்று, பெண். தாயும் குட்டியும் நலம்.

ஆக லட்டு, ஜாங்கிரி, இரண்டு மகள்கள் ஒரு பக்கம். பையன்கள் இரண்டு பேரும் மாடியில் என் கொழுந்தனார் அறையில். ஆறு வாரம் வரும் புதன்கிழமையோடு முடிகிறது. எப்படிச் சேர்ப்பது? நேராக அவள் கூண்டில் விடலாமா?

சூரிச்_தங்கை

அவளின்ர கூண்டில விடாதேங்கோ அக்கா, அது அவளின்ர வீடு. ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடத்தில, கூடத்துத் தரையில துணி விரிச்சு, நடுவில புல்லைக் குவிச்சு விடுங்கோ. லட்டு உறுமி உறுமிச் சுத்துவான், துரத்துவான், ஏறுவான். அவள் பிடிக்காட்டி மூத்திரம் பீச்சியடிப்பாள். அதெல்லாம் வழமை, கை போடாதேங்கோ. பல்லைக் கடகட எண்டு நெறிச்சு, மயிர் சிலிர்த்து, நேருக்கு நேர் நிண்டா ஒரு துவாயை இடையில போடுங்கோ, கை குடுத்தா உங்களைக் கடிச்சுப்போடும். அதுக்குள்ள கூண்டை வினிகர் தண்ணியால துடைச்சுப் புதுத்துணி போட்டு வையுங்கோ. ரெண்டு மணித்தியாலம் சண்டையில்லாம சேர்ந்து திண்டா, எல்லாரையும் ஒண்டாத் தூக்கி உள்ள விடலாம்.

புல்லுக்கட்டு (சேலம்)

இடம் எவ்வளவு வேண்டும்? நான்கு பேருக்கு?

வேப்பமரத்தடி (சென்னை)

இரண்டு பேருக்கே எட்டு சதுர அடி வேண்டும். நான்கு பேருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இருந்தால் நல்லது. கடையில் விற்கும் கூண்டு எதுவும் அவ்வளவு வராது. கம்பிப் பலகைகளை இணைத்துத் தரையிலேயே அடைப்பு கட்டிவிடுங்கள், மேலே மூட வேண்டாம், இவை ஏறிக் குதிப்பவை இல்லை. பூனை வரும் வீடு என்றால் மட்டும் மூடுங்கள்.

கறிவேப்பிலை (திருச்சி)

புதன்கிழமை கூடத்தில் விட்டோம். அவள் ஒருமுறை பீச்சியடித்தாள், அவன் விலகிப் போய்விட்டு மறுபடி வந்தான். சண்டை இல்லை. இப்போது நான்கு பேரும் ஒரே அடைப்பில்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மூத்த மகளுக்கு இப்போது மூன்று மாதம். லட்டு அவள் மேலும் ஏறுகிறான். இனி ஒன்றும் ஆகாதுதானே?

கால்நடைக்காரன்

ஆறு வாரம் முழுதாக முடிந்திருப்பதால் ஆகாது. அவள் கத்தி ஓடினால், ஒரே வாசல் உள்ள ஒளியிடங்களை எடுத்துவிட்டு இரண்டு வாசல் உள்ளதாக வையுங்கள். பெண்களின் எடையை இன்னும் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். மாடியில் இருக்கும் பையன்களைத் தொட்டபிறகு கை கழுவி, மேல்சட்டை மாற்றிவிட்டுக் கீழே வாருங்கள். அவர்களைக் கீழே கொண்டுவரவே வேண்டாம்.